செம்பின் கடைசி எலக்ட்ரான்: நெல்லை வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை மாவட்டத்தில் பிளஸ் ஒன் வேதியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

டவுனில் ரத வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். நானும் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன்தான். அப்பா தவறியதும் கடைக்கு வந்துவிட்டேன். மகள் இப்போது பிளஸ் ஒன். போன வாரம் எலக்ட்ரான் அமைப்பு எழுதிப் பழகிக்கொண்டிருந்தவள் செம்பு வந்ததும் நின்றுவிட்டாள். 3டி, 4எஸ் என்பவை அணுவுக்குள் எலக்ட்ரான்கள் நிரம்பும் துணைக்கூடுகள். நிக்கலுக்கு 3டி-யில் எட்டு, 4எஸ்-இல் இரண்டு. அப்படியானால் ஓர் எலக்ட்ரான் கூடுதலாக உள்ள அடுத்த தனிமம் செம்புக்கு 3டி-யில் ஒன்பது வர வேண்டும். புத்தகத்தில் பத்து இருக்கிறது, 4எஸ்-இல் ஒன்றே ஒன்று. ஏன் என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். "முழுசா நிரம்பினா நிலைப்புத்தன்மை அதிகம், அப்படியே எழுதிக்கோ" என்று பதில் வந்திருக்கிறது.

பாடம் முடிக்கிற நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பதிலை அப்படியே விட மனசு வரவில்லை. குரோமியத்துக்கும் இதே சமாதானம்தான் சொல்கிறோம்: பாதி நிரம்பினால் நிலைப்பு, அதனால் 3டி-யில் ஐந்து. சரி, தனிம அட்டவணையில் அதே தொகுதியில் கீழே இருக்கும் டங்ஸ்டன் ஏன் 5டி-யில் நான்கோடு நிற்கிறது? 6எஸ்-இல் இரண்டை ஏன் வைத்துக்கொள்கிறது? அந்த ஒரு வரி விதியாக இருந்திருந்தால் டங்ஸ்டனும் கேட்டிருக்க வேண்டுமே.

3டி-யும் 4எஸ்-உம் ஆற்றலில் மிக நெருக்கமானவை என்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்காண்டியத்திலிருந்து வலப்பக்கம் போகப் போக அணுக்கருவின் மின்சுமை கூடுகிறது. அது 4எஸ்-ஐ இழுப்பதைவிட 3டி-யை அதிகமாகக் கீழே இழுக்கிறது. கூடவே எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. இந்தக் கணக்கில் மொத்த ஆற்றல் எங்கே குறைகிறதோ அந்த அமைப்பில் அணு இருக்கிறது. செம்புக்கு அது 3டி-யில் பத்து, டங்ஸ்டனுக்கு 5டி-யில் நான்கு. எலக்ட்ரான் நிரம்ப "விரும்புகிறது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதை நம்பிவிடுகிறார்கள்.

தாமிரத்தின் பெயரிலேயே ஆறு ஓடுகிற ஊர் நம்முடையது. நெல்லையப்பர் கோயிலில் கூத்தன் ஆடுவது தாமிர சபையில். இங்கே வளர்கிற பிள்ளைக்குச் செம்பு ஏன் செம்பாக இருக்கிறது என்று சொல்லாமல் எப்படி விடுவது? புளி போட்டுத் தேய்த்த குடத்தைப் பாருங்கள். அதன்மேல் வெள்ளை ஒளி விழுகிறது. நிரம்பிய 3டி எலக்ட்ரான்கள் அதில் நீலத்தையும் பச்சையையும் எடுத்துக்கொண்டு மேலே தாவுகின்றன. மிஞ்சித் திரும்புவது சிவப்பும் ஆரஞ்சும். பக்கத்து நகைக்கடை வெள்ளிக் கொலுசும் இதே குடும்பம்தான்: 4டி-யில் பத்து, 5எஸ்-இல் ஒன்று. ஆனால் அங்கே தாவ வேண்டிய உயரம் அதிகம், அதற்குப் புற ஊதா ஒளி தேவை. கண்ணுக்குத் தெரிகிற நிறம் எல்லாம் திரும்பி வருவதால் கொலுசு வெள்ளையாக மின்னுகிறது. மகளிடம் இதைச் சொன்னபோது கடையில் இருந்த குடத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்புறம் மயில்துத்தம், அதாவது நீல நிறச் செம்பு சல்ஃபேட். அது உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கும். சோதனைக் குழாயில் சூடாக்கினால் நீலம் போய் வெள்ளைப் பொடியாகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும். இரண்டு நிலையிலும் செம்பு அயனியின் 3டி-யில் ஒன்பது எலக்ட்ரான்தான், மாறியது சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறு மட்டுமே. பக்கத்தில் துத்தநாக சல்ஃபேட்டை வையுங்கள். அதில் 3டி முழுசாக நிரம்பியிருக்கிறது, அது வெள்ளை. டி ஆர்பிட்டாலுக்குள்ளேயே தாவ அங்கே காலி இடம் இல்லை.

பத்தாம் வகுப்பு வரை வட்டம் வட்டமாக வரைந்து 2, 8, 18, 1 என்று எழுதிய பிள்ளைகள் இவர்கள். 1913-இல் இயற்பியலாளர் நீல்ஸ் போர் சொன்ன எலக்ட்ரான் பாதைகள் ஹைட்ரஜனோடு சரியாகப் பொருந்தின. 1926-இல் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்தபின் பாதை போய், எலக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவு வந்துவிட்டது; அந்த இடத்தைத்தான் ஆர்பிட்டால் என்கிறோம். வட்டத்திலிருந்து ஆர்பிட்டாலுக்குத் தாவச் சொல்லும்போது கையில் பிடித்துப் பார்க்க ஏதாவது ஒரு பொருள் வேண்டும்.

நான் கேட்பது ஒரே ஒரு பீரியட். எலக்ட்ரான் அமைப்பை எழுதிப்போடுவதற்கு முந்தின நாள் ஒரு செம்புக் குடம், கொஞ்சம் மயில்துத்தம், ஒரு பர்னர். மயில்துத்தத்தில் துளி எடுத்துச் சுடரில் காட்டினால் பச்சையும் வரும். குடம் வேண்டுமென்றால் என் கடையிலிருந்து எடுத்துப் போகலாம், பாடம் முடிந்ததும் திருப்பித் தந்தால் போதும்.

அன்புடன்,
டவுன் பாத்திரக்கடைக்காரர்