தேன்மொழியை ஒன்றும் கேட்காதே

தம்பி,

பாமணியில் தண்ணீர் வந்துவிட்டது. வடக்குப் பங்கில் நடவுக்கு ஆள் சொல்லியிருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை. ஊர்ச் சேதி அவ்வளவுதான். கொஞ்ச நாளாகவே நீ "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிடுகிறாய். போன தடவை பின்னால் தேன்மொழி அழுகிற மாதிரி கேட்டது. என் காதில் தப்பாக விழுந்திருந்தால் நல்லது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டுரையைப் படித்தேன், பிறக்கும்போதே தொப்புள்கொடி ரத்தத்தில் டிஎன்ஏ மேல் தெரியும் குறிகளுக்கும் பின்னால் வரும் டைப் 1 சர்க்கரை நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்கிறதே, அதை. பாப்பாவின் தொப்புள்கொடி ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்தீர்களே, அது நல்ல காரியம். ஆனால் நீ அதை எப்படிப் படித்தாய் என்பதுதான் எனக்குக் கவலை. டிஎன்ஏவின் எழுத்து மாறுவதில்லை, மேலே ஒட்டும் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கூட்டிக் குறைக்கின்றன, வாய்க்காலில் அதே தண்ணீர்தான் ஓடுகிறது, மதகுப் பலகையை எவ்வளவு தூக்குகிறோம் என்பதில்தான் வித்தியாசம். பின்னால் டைப் 1 வந்த பிள்ளைகளையும் வராதவர்களையும் கூட்டமாக வைத்துப் பார்த்தால் பிறந்தபோதே சில குறிகள் வேறாக இருக்கின்றன. அதை வைத்து ஒரு பிள்ளையைத் தனியாக எடுத்து இவளுக்கு வரும், வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இன்னொன்று. அந்தக் குறிகளில் பலவற்றை மரபணுவே தீர்மானிக்கிறது, அதில் பாதி நீ கொடுத்தது. வயிற்றில் இருக்கும்போது நடந்தது என்றதுமே எல்லாரும் தாயைத்தான் பார்ப்பார்கள். உனக்கு டைப் 1 வந்தபோது, ஆஸ்பத்திரியில் உனக்கு சலைன் ஏறிக்கொண்டிருந்தது, பெரியத்தை நம் கூடத்தில் உட்கார்ந்து "மாசமா இருக்கையில இவ என்னத்தத் தின்னாளோ" என்றார். உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்திய எனக்கே பதில் வரவில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது என்று தெரிந்திருந்தும் ராத்திரியெல்லாம் நான் தின்றதை எண்ணிக்கொண்டு கிடந்தேன். அந்தக் கேள்வி தேன்மொழி காதில் விழக் கூடாது. உன் வாயிலிருந்து விழவே கூடாது.

அப்பாவுக்கு டைப் 1 இருந்தால் நூறு பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்கு வரும். மற்றவர்களுக்கு வராது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போவதுண்டு. இதை நீ திரும்பத் திரும்பப் படி.

பயமாக இருந்தால் பீட்டா செல்களுக்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் ஆன்டிபாடிகளைத் தேடும் பரிசோதனையை அங்கே டாக்டரிடம் எந்த வயதில் எடுக்கலாம் என்று கேள். இரண்டு ஆன்டிபாடி நிலையாகத் தெரிந்தால், சுகர் ஏறுவதற்குப் பல வருஷம் முன்பே தெரிந்துவிடும், மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளலாம். சில வருஷம் தள்ளிப்போட டெப்லிசுமாப் என்று மருந்தும் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. உன் காலத்தில் இதெல்லாம் ஏது? அப்புறம், பாப்பாவுக்கு ஓயாத தாகம், டயாப்பர் அடிக்கடி நிரம்புவது, உடம்பு இளைப்பது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே சுகர் பார்க்க வேண்டும். நாளைக்கு என்று விடாதே.

கஜா புயலில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது இன்சுலினை மண்பானை ஈரத்தில் வைத்துக் காப்பாற்றி, தெருவில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்தவன் நீ. அந்தப் பிள்ளை இப்போது மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றால் எனக்குக் கோபம் வராதா?

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. முதலில் தேன்மொழியிடம் போனைக் கொடு.

அம்மா