கோதாவில் ஒரு ஸ்பெஷல் நாடகம்

பிலடெல்பியா,
பிப்ரவரி 11.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தம்பி எல்லோரும் நலமா? அப்பத்தாவுக்கு முட்டிவலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, "நெஞ்சு எரியுதுடி" என்று என்னிடம் போனில் புலம்புகிறது.

போன வாரம் நீங்கள் கோபமாகப் பேசினீர்கள். தம்பி அந்தப் போட்டோவை உங்களிடம் காட்டியிருக்கக் கூடாது. "படிச்சு நர்ஸாகி அம்புட்டு தூரம் போனது பயில்வான் சண்டை பார்க்கவா? அதுவும் பொய்ச்சண்டை!" என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். இந்தச் சண்டையை எனக்குப் புரிய வைத்ததே நீங்கள்தான்.

என் வார்டில் கூட வேலை பார்க்கும் பெண் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் ஒரு சனிக்கிழமை லீவு கிடைத்தது. "எங்க அப்பா என்னைச் சின்ன வயசில் கூட்டிப்போன இடத்துக்கு உன்னைக் கூட்டிப்போறேன்" என்றாள். நான் ஏதோ சர்ச் என்று நினைத்தேன். போய் இறங்கினால் ஊரின் தெற்குக் கோடி, நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் ஒரு குடோன். குளிர் என்றால் அப்படியொரு குளிர், மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெளியே இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த இடத்துக்கு இப்போது 2300 அரினா என்று பெயர். முன்பு வைக்கிங் ஹால். இங்கே புத்தாண்டன்று மம்மர்ஸ் என்று ஒரு கூட்டம் இறகும் ஜிகினாவும் வைத்த பெரிய பெரிய உடுப்புகளோடு பாட்டுப் பாடி வீதியில் ஆடிப்போகும். நம் ஊர் சாமி ஊர்வலத்தில் மயிலாட்டம் வருமே, அதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள். அப்படியொரு மம்மர்ஸ் குழுவின் இடம் அது. மற்ற நாட்களில் பிங்கோ ஆடுவார்கள், அதாவது தம்போலா. அந்தத் தம்போலாக் கொட்டகையில்தான் 1993இலிருந்து குஸ்தி நடந்திருக்கிறது. இ.சி.டபிள்யூ. என்று ஒரு கம்பெனி. அது மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் சனங்கள் கோதாவைச் சுற்றி நின்றுகொண்டு அந்த மூன்று எழுத்தையும் கத்துகிறார்கள். அன்று ஆடியது வேறு கம்பெனி!

உள்ளே போய் உட்கார்ந்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஆட வந்தவர்கள் ஒரே குழு இல்லை. ஒருவர் ஒஹையோவிலிருந்து காரில் வந்திருக்கிறார், இன்னொருவர் நியூயார்க்கிலிருந்து பஸ்ஸில். யாருக்கும் மாதச் சம்பளம் கிடையாது, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. இருவர் அன்று சாயங்காலம்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொண்டார்களாம். யார் ஜெயிப்பது, எப்படி முடிப்பது என்று மட்டும் பேசிக்கொள்வார்கள். நடுவில் வருவதெல்லாம் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொள்வது.

இதை நான் எங்கே பார்த்திருக்கிறேன் அப்பா? ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து, பபூன் காரைக்குடியிலிருந்து. நீங்கள் மேலூரில் ஆர்மோனியப் பெட்டியோடு பஸ் ஏறுவீர்கள். ஒத்திகை கிடையாது. சிங்கம்புணரிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் ராத்திரி பத்து மணிக்கு எல்லோரும் ஒன்றாக மேடை ஏறி விடிகிறவரைக்கும் வள்ளி திருமணம் நடத்திவிடுவீர்கள். நான் தோழியிடம், "இது ஸ்பெஷல் நாடகம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள்.

இனி உங்கள் "பொய்ச்சண்டை"க்கு வருகிறேன். வள்ளி திருமணத்தில் முருகன் ஏமாந்துபோவாரோ என்று யாராவது கவலைப்பட்டிருக்கிறார்களா? முடிவு ஊருக்கே தெரியும். ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும்போது ஒரு சனம் எழுந்து போகாது. இங்கேயும் அதுதான். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் வைவது ஒரு தனி வித்தை, அதற்கென்றே கூட்டம் உண்டு. பொய் என்று கண்டுபிடிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சி மாநிலம். 1989இல் அந்த மாநில சட்டசபையிலேயே பெரிய கம்பெனிக்காரர்கள், இது போட்டி இல்லை, கேளிக்கைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். விளையாட்டு என்றால் அரசாங்க மேற்பார்வை, கட்டணம் எல்லாம் உண்டு, அதிலிருந்து தப்பிக்கத்தான். காசு மிச்சமாகும் என்றால் எந்த முதலாளியும் உண்மை பேசிவிடுவான்.

ஆனால் அடி பொய் இல்லை. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். கோதா என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை போட்டு, அதற்கு மேல் கொஞ்சூண்டு பஞ்சும் கேன்வாஸும் விரித்தது, அவ்வளவுதான். ஆள் மல்லாக்க விழும்போது பலகை எழுப்பும் சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கிறது. உதைக்கும்போது ஒரு கையால் தன் தொடையில் தட்டிச் சத்தம் கூட்டிக்கொள்கிறார்கள், உங்கள் ஆல்ரவுண்ட் தாளம் வாசிப்பவர் பபூன் அடி வாங்கும்போது ஒன்று போடுவாரே, அந்த வேலை. ஆனால் திறந்த மார்பில் உள்ளங்கையால் அறைவதற்கு அந்தத் தந்திரமெல்லாம் இல்லை. ஒரு பையன் எங்கள் பக்கம் கயிற்றில் சாய்ந்து நின்றான். மார்பில் ஐந்து விரலும் பதிந்து, ஓரத்தில் ரத்தம் கன்றி ஊதா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஐஸ் வைக்க வேண்டுமே என்று என் கை பரபரத்தது.

இடைவேளையில் ஆடியவர்களே மேஜை போட்டுத் தங்கள் படம் அச்சடித்த பனியன் விற்கிறார்கள். பலருக்கு ஆட்டக் காசைவிட இதுதான் வரும்படியாம். உங்கள் மேடையில் அன்பளிப்பு ரூபாயைச் சட்டையில் குத்திவிட்டு, கொடுத்தவர் பேரை மைக்கில் சொல்லுங்கள் என்று நிற்பார்களே, அது ஞாபகம் வந்தது. ஒரு மேஜையில் வயதான மல்லர் ஒருவர் இருந்தார். பேச்சுக் கொடுத்தபடியே அவர் நெற்றியைப் பார்த்தேன். மேலிருந்து கீழாகப் பத்துப் பதினைந்து பள்ளம், உழுது போட்ட வயல் மாதிரி. பிளேடு முனையை டேப்பில் சுற்றி ஒளித்து வைத்துக்கொண்டு, அடி வாங்கிக் குனியும்போது தாங்களே கீறிக்கொள்வார்களாம். நெற்றித் தோலில் சின்னக் கீறலுக்கே ரத்தம் கொட்டும், வியர்வையோடு சேர்ந்தால் முகமெல்லாம் சிவப்பு. விவரம் தெரிந்தவர்கள்தான், ஆனாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த இ.சி.டபிள்யூ. கம்பெனியின் கதையைத் தோழி திரும்பி வரும்போது சொன்னாள், அப்புறம் நானும் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் இந்த நாட்டில் வட்டாரத்துக்கு ஒரு குஸ்தி முதலாளி. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் வரமாட்டார். 1948இல் இவர்கள் கூடி என்.டபிள்யூ.ஏ. என்று ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டார்கள். 1980களில் வின்ஸ் மக்மஹோன் கேபிள் டி.வி.யைப் பிடித்து நாடு முழுக்கத் தன் ஆட்டத்தையே காட்டினார். சின்னக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. தம்பி டிரம்ப் கார்டு வைத்துக்கொண்டு தெருவெல்லாம் கட்டிப் புரண்டானே, அந்தப் பயில்வான்கள் எல்லாம் அவர் கம்பெனி ஆட்கள்தான்.

அப்படிப்பட்ட நேரத்தில், 1992இல், இந்த ஊரில் அடகுக் கடையும் நகை வியாபாரமும் வைத்திருந்த டாட் கார்டன் ஈஸ்டர்ன் சாம்பியன்ஷிப் ரெஸ்லிங் என்று ஒன்றைத் தொடங்கினார். நம் ஊர் அடகுக் கடைக்காரர் யாராவது நாடகத்துக்குப் பணம் போட்டுக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மறு வருஷம் பால் ஹேமன் என்பவர் ஆட்டம் அமைக்க வந்தார். யாரை யாரோடு மோதவிடுவது, எந்தக் கதையை எந்த ஊரில் முடிப்பது என்பதெல்லாம் அவர் மூளை.

1994 ஆகஸ்ட் 27. அந்தத் தம்போலாக் கொட்டகையில்தான். ஷேன் டக்ளஸ் என்பவர் ஜெயித்து அந்தப் பழைய கூட்டமைப்பின் சாம்பியன் பெல்ட்டை வாங்குகிறார். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பழைய சாம்பியன்களின் பெயரையெல்லாம் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், செத்துப்போன சங்கத்தின் பெல்ட் எனக்கு எதற்கு என்று தரையில் வீசிவிட்டார். வேஷம் கட்டியவர் கிரீடத்தைக் கழற்றிப் போட்டு மிதித்தால் நம் சனம் எப்படித் திகைக்கும், அப்படி! சங்கத்துக்காரர்களுக்கு இது முன்கூட்டித் தெரியாது. டக்ளஸ், ஹேமன், கார்டன் மூன்று பேருக்கும் மட்டும் தெரியும். அதோடு ஈஸ்டர்ன் போய் எக்ஸ்ட்ரீம் ஆனது. முதல் எழுத்து மாறவில்லை, போர்டு எழுதுகிற செலவு மிச்சம்.

அதே மாதம் இன்னொன்று நடந்தது. டெர்ரி ஃபங்க் என்ற மூத்த மல்லர் கூட்டத்தைப் பார்த்து ஒரு நாற்காலி கேட்டார். ஒருவர் எறிந்தார், அடுத்தவர் எறிந்தார், அப்புறம் கொட்டகையே எறிந்தது. கோதா மேலே இரும்பு நாற்காலி மலையாகக் குவிந்து, கீழே இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். சனமும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. வீட்டிலிருந்து தோசைக்கல் மாதிரி ஏதாவது கொண்டுவந்து, இதால் அடி என்று நீட்டுவார்களாம். டி.வி.யில் ராத்திரி நேரத்தில் எங்கோ ஒரு மூலையில்தான் போடுவார்கள். பார்க்க முடியாத ஊர்க்காரர்கள் வீடியோ கேசட் எடுத்துத் தபாலில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டார்கள்.

எல்லாம் ரத்தமும் நாற்காலியும் என்று நினைக்க வேண்டாம். எடி கெரேரோ, டீன் மலென்கோ என்று இரண்டு பேர், சுத்தமான பிடி வித்தைக்காரர்கள். வேறொரு பெரிய கம்பெனி கூப்பிட்டது. 1995 ஆகஸ்ட் 26இல் அவர்களுடைய கடைசி ஆட்டம். கூட்டமே எழுந்து நின்று "போகாதீங்க, போகாதீங்க" என்று கத்தியிருக்கிறது, ஆடியவர்களும் அழுதிருக்கிறார்கள். தோழி அந்தக் காட்சியைப் போனில் காட்டினாள். எனக்கு மதுரை ஏர்போர்ட் வாசல் ஞாபகம் வந்துவிட்டது, சரி, அதை விடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இவர்கள்மேல் கோபம் தீரவில்லை. 1996 நவம்பரில் வேறொரு ஊரில், வராத ஆளுக்குப் பதிலாக ஒரு பதினேழு வயதுப் பையனை ஏற்றியிருக்கிறார்கள். பையன் தன் வயதையும் பயிற்சியையும் பொய்யாகச் சொல்லியிருக்கிறான், ஒருவரும் விசாரிக்கவில்லை. எதிரே ஆடியவர் அவன் நெற்றியை அளவுக்கு மீறி ஆழமாகக் கீறி ரத்தக்குழாய் அறுந்துபோனது. பொய் சொன்னது அவன் தப்பென்றால், கேட்காமல் ஏற்றியது யார் தப்பு? எங்கள் வார்டில் ஒரு ஊசி போடுவதற்கே பெயரையும் பிறந்த தேதியையும் இரண்டு தடவை கேட்கிறோம்.

அதையும் தாண்டி 1997 ஏப்ரல் 13இல் அதே கொட்டகையிலிருந்து, காசு கட்டி வீட்டில் பார்க்கும் இவர்களுடைய முதல் ஒளிபரப்பு. கடைசி ஆட்டத்தில் சாம்பியன் ஆனவர் டெர்ரி ஃபங்க், அப்போது அவருக்கு வயது 52. உங்கள் செட்டில் அறுபது வயது ராஜபார்ட் முருகனாக வந்தபோது நாங்கள் சிரித்தோம், நீங்கள் அதட்டினீர்கள். 2023இல் ஃபங்க் இறந்ததைச் சொல்லும்போது தோழி காரை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

முடிவு எல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான். 1999இல் நாடு முழுக்கத் தெரியும் டி.வி. கிடைத்தது, மறு வருஷமே போய்விட்டது. பெரிய கம்பெனிகள் நல்ல ஆட்களைக் கொத்திக்கொண்டு போனார்கள். சம்பளம் பாக்கி, கொடுத்த செக் திரும்பி வந்தது. 2001 ஜனவரி 13இல் அர்கன்சாஸில் கடைசி ஆட்டம், ஏப்ரலில் திவால். பாக்கி வரவேண்டியவர்கள் பட்டியலில் ஆடியவர்களின் பெயர்கள். பெயரையும் வீடியோக்களையும் பின்னால் மக்மஹோன் கம்பெனியே வாங்கிக்கொண்டது. 2002இல் இதே ஊரில் ரிங் ஆஃப் ஹானர் என்று வேறொன்று பிறந்தது. அதில் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கைகுலுக்க வேண்டும் என்பது மரபு. இவர்கள் கலாட்டாவுக்குப் பிறகு அது தேவைப்பட்டிருக்கும்.

செக் திரும்பிய கதையைப் படித்தபோது நான் ஒரு ராத்திரியை நினைத்தேன். ஒரு ஊர்த் திருவிழாக் கமிட்டி பாதிக் காசைக் கொடுத்து, மீதி அறுவடைக்கு அப்புறம் என்றது. நீங்கள் விடிகாலையில் வந்து ஆர்மோனியத்தைத் துடைத்து வைத்துவிட்டு, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் படுத்தீர்கள். நான் தூங்கவில்லை. அந்த மீதி வரவேயில்லை, ஆனால் அடுத்த வருஷமும் அந்த ஊருக்குப் போனீர்கள். ஏன் என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. இங்கே பாக்கி வராமலே கடைசி ஆட்டம்வரை காரோட்டிப் போனவர்களைப் பற்றிப் படித்தபோதும் அதே கேள்விதான்.

கொட்டகை வாசலில் ஒருவர் பழைய கேசட் விற்றார். பெல்ட்டை வீசிய அந்த ராத்திரியின் கேசட்டை வாங்கிவிட்டேன். போட்டுப் பார்க்க மெஷின் இல்லை, அலமாரியில் நிற்கிறது. அட்டையில் யாரோ பேனாவால் தேதியை எழுதியிருக்கிறார்கள்.

பரணில் உள்ள தகரப் பெட்டியில் உங்கள் நாடக நோட்டீஸ்கள் இருக்கின்றன, அம்மா அதை அரிசி டின்னுக்கு அடியில் விரிப்பதற்குள் எடுத்து வையுங்கள். பங்குனியில் எந்த ஊர் புக்கிங் என்று எழுதுங்கள். தம்பியையும் கூட்டிப்போய், தர்க்கம் தொடங்கியதும் போனில் பதிவு பண்ணச் சொல்லுங்கள், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுக்கட்டும், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் இரைச்சல்தான் கேட்கும். ஆர்மோனியத் துருத்தி மாற்ற வேண்டும் என்றீர்களே, அதற்கான பணம் வெள்ளிக்கிழமை தம்பி கணக்குக்கு வரும்.

அம்மாவிடம், குளிருக்கு நல்ல கோட்டு வாங்கிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்