சூட்டில் நிற்கும் அம்பாசடர்: முதலில் தீப்பொறியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களின் கோடைப் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பில், வண்டி சூடேறி நின்றால் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரிலிருந்து ராணிப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் மூச்சை நிறுத்தும் அம்பாசடருக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம்தான். ஆனால் அந்த அரை மணியில், சூட்டில் குழாயை அடைக்கும் பெட்ரோல் ஆவி மட்டும் அடங்குவதில்லை. பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் காயிலும், அதோடு சேர்ந்து வேலை செய்யும் கன்டென்சரும்கூட ஆறிவிடுகின்றன; சூட்டில் பொறியைக் கெடுத்தது இவையாகவும் இருக்கலாம். வண்டி கிளம்பியதும் பழி பெட்ரோல் மேல் விழுகிறது. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய கூலி தண்டம்.

ஆகவே நின்ற கையோடு சோதிக்க வேண்டும். பெட்ரோல் கசிவோ வாடையோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பின் நடு வயரை உருவி, முனை என்ஜின் இரும்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி நிற்கும்படி உறை போட்ட குறட்டால் பிடியுங்கள். கூட இருப்பவர் செல்ஃப் அடிக்கட்டும். 'பட் பட்'டென்று நீலப் பொறி வந்தால் காயிலிலும், அதன் கரன்ட்டைத் தொட்டு விலகி வெட்டிவிடும் பாயின்ட்டிலும் குறையில்லை. கேப்பில் விரிசல் உண்டா, அதனுள் சுழலும் ரோட்டர் கருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஈரத்துணிக்குப் போகலாம்.

பொறி மஞ்சளாக மெலிந்தாலோ, வராமலே போனாலோ ஒரு 12 வோல்ட், 5 வாட் பல்பு போதும். காயிலில் பாயின்ட்டுக்குப் போகும் முனைக்கும் பாடிக்கும் நடுவே அதைக் கொடுத்துச் செல்ஃப் அடித்தால் விட்டுவிட்டு எரிய வேண்டும். அணையாமல் எரிந்தால் பாயின்ட் சேரவில்லை: அழுக்கு, அல்லது உள்ளே வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் காயிலின் மறுமுனையில் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பாயின்ட் திறக்காமல் ஒட்டியிருக்கலாம், கன்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம், காயிலே உள்ளே அறுந்தும் இருக்கலாம்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்ன வயரை யாரும் கவனிப்பதில்லை. என்ஜினின் உறிஞ்சு விசையான வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் பாயின்ட் தட்டோடு சேர்ந்து அதுவும் அசைகிறது. மேலே உறை முழுசாகத் தெரியும். உள்ளே கம்பி இழை இழையாக அறுந்திருக்கும். நின்ற இடத்தில் சீராக ஓடும் வண்டி, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வெட்டி வெட்டி இழுத்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

அந்தப் பல்பு ஒழுங்காக மின்னியும் பொறி மெலிந்தால், நல்ல கன்டென்சர் ஒன்றை வெளியிலேயே வைத்து, வயரைக் காயிலின் அதே முனையிலும் உடலைப் பாடியிலும் இணைத்துப் பாருங்கள். பொறி நீலமானால் பழசுதான் குற்றவாளி. மாறவில்லையென்றால் காயிலை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பாயின்ட் இடைவெளி, அதைத் திறக்கும் கேமின் உச்சியில் 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.6 மி.மீ. புதுப் பாயின்ட்டின், கேமில் உரசும் குதிகால் ஆரம்பத்தில் சீக்கிரம் தேயும். இடைவெளி குறைந்து, பொறி விழும் நேரமான டைமிங் பின்தங்கும், என்ஜின் சூடேறும். 500 கி.மீ. ஓடியதும் மறுபடி அளக்கவும், கேமில் துளி கிரீஸ் தடவவும்.

காயில் வாங்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். காயிலுக்கு முன்னால் கரன்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் இல்லாத வண்டிக்குச் சுமார் 3 ஓம் வேண்டும். 1.5 ஓம் காயிலை அப்படியே மாட்டினால் இருமடங்கு கரன்ட் பாய்ந்து பாயின்ட் கருகிவிடும். பல வண்டிகளில் நடப்பது இதுதான். என்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பியபடியே வைப்பதும் காயிலைச் சுட்டுப் பொசுக்கும் வேலை.

அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இன்று கடையில் கிடைக்கும் கன்டென்சர்களில் தரம் கெட்டவை நிறைய. பாயின்ட் மாற்றும்போது கூடவே கன்டென்சரையும் மாற்றுவது வழக்கம் என்றாலும், சூட்டிலும் நன்றாக வேலை செய்யும் பழையதைக் கழற்றி எறியாதீர்கள். டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர்.