படப் பொத்தானும் என்டர் விசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வெளிவரும், இணையதளங்களுக்கான நிரல்மொழியான பி.எச்.பி. பற்றிய தொடரில், இணையப் படிவங்களில் ஒரு படத்தையே படிவத்தை அனுப்பும் சப்மிட் பொத்தானாக வைக்கும் முறை விளக்கப்பட்டிருந்தது. பொத்தான் அழுத்தப்பட்டதா என்று சோதிக்க அதில் தரப்பட்டுள்ள வரியைத் திருத்த வேண்டியிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

படப் பொத்தானைச் சொடுக்கும்போது, படத்தின் இடது மேல் மூலையிலிருந்து எத்தனை பிக்சல் தள்ளிச் சொடுக்கினோம் என்பதைக் காட்டும் இரண்டு எண்களை பிரவுசர் அனுப்புகிறது. பொத்தானின் பெயர் ‘அனுப்பு’ என்றால் அவை ‘அனுப்பு.எக்ஸ்’, ‘அனுப்பு.ஒய்’ என்று செல்லும், பி.எச்.பி. அந்தப் புள்ளியை அடிக்கோடாக மாற்றிக்கொள்ளும். படிவ உள்ளீடுகளைத் தானாகவே மாறிகளாக்கிய ரெஜிஸ்டர் குளோபல்ஸ் வசதி 2012இல் வந்த பி.எச்.பி. 5.4 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டாலும், புள்ளி அடிக்கோடாகும் இந்த மாற்றம் இன்றும் நடக்கிறது. வெறும் ‘அனுப்பு’ என்ற பெயரை நம்பக் கூடாது என்று கட்டுரை எச்சரித்திருப்பது மிகச் சரி.

ஆனால் ‘அனுப்பு_எக்ஸ்’ மதிப்பை அப்படியே, மெய்யாக இருந்தால் மட்டும் அடுத்த வேலையைச் செய்யச் சொல்லும் இஃப் நிபந்தனைக்குள் வைத்திருப்பதுதான் சிக்கல். மவுஸைத் தொடாமல், டேப் விசையால் பொத்தானுக்கு வந்து என்டர் தட்டுபவருக்குச் சொடுக்கிய இடம் என்று ஒன்று இல்லாததால், இரண்டு எண்களும் 0 என்றே செல்லும். பி.எச்.பி.யோ 0 என்பதைப் பொய் என்றே கொள்ளும். விளைவாக, எல்லாக் கட்டங்களையும் நிரப்பியவருக்கு எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் வெற்றுப் படிவமே திரும்ப வந்து நிற்கும். திரைவாசிப்பான் துணையுடன் இயங்கும் பார்வையற்றோரும், கை நடுக்கத்தால் மவுஸைப் பிடிக்க இயலாதவர்களும் இதனால் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். நிரல் எழுதியவர் மவுஸால் மட்டுமே சோதித்துப் பார்ப்பதால் இந்தக் குறை அவர் கண்ணில் படுவதே இல்லை.

மதிப்பைப் பார்க்காமல், பி.எச்.பி.யின் இஸ்ஸெட் என்ற கட்டளை மூலம் அந்தப் பெயர் வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும். படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கு அதைச் சொற்களில் சொல்லும் ஆல்ட் விளக்கமும் கட்டாயம் தேவை. புதிதாக எழுதுபவர்கள், படத்தை உள்ளே வைத்த, எச்.டி.எம்.எல். என்னும் வலைப்பக்க மொழியின் பட்டன் உறுப்பையே பயன்படுத்தலாம். அது தன் பெயரையும் மதிப்பையும் நேரடியாக அனுப்பும் என்பதால், ‘சேமி’, ‘நீக்கு’ என இரண்டு பொத்தான்கள் உள்ள படிவத்திலும் குழப்பம் வராது.

மாணவர்கள் தொடரில் வரும் வரிகளை அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே திருத்திய வரியை அடுத்த பகுதியிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்