பூனைக்குப் பாரசிட்டமால் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை பிடித்துவிட்டால் வீட்டுக்கு வீடு காய்ச்சல், வீட்டுக்கு வீடு பாரசிட்டமால் அட்டை. பூனை சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறது, தொட்டால் சுடுகிறது, பிள்ளைக்குக் கொடுப்பதில் பாதியைக் கொடுத்துப் பார்ப்போம் என்று அதே அட்டையிலிருந்து அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்த அரை மாத்திரை பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த வீட்டுப் பூனையின் எடை சுமார் 4 கிலோ. 500 மி.கி. மாத்திரையில் பாதி 250 மி.கி.; அதாவது கிலோவுக்கு 62 மி.கி. பூனைக்குக் கிலோவுக்கு 50 மி.கி. போனாலே நஞ்சு. சில பூனைகள் 10 மி.கி.க்கே தாங்காது. ஆகவே, ‘துளியூண்டு கொடுத்தால் என்ன?’ என்ற கேள்விக்கே இடமில்லை. பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. குரோசின், கால்பால், டோலோ 650 எல்லாம் ஒரே மருந்துதான். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும், குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பிலும் இதுவே இருக்கிறது.

நமக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து பூனைக்கு ஏன் நஞ்சாகிறது? நம் கல்லீரல் பாரசிட்டமாலை வேறொரு பொருளோடு இணைத்து, தீங்கில்லாததாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அந்த வேலைக்கு வேண்டிய நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. மருந்து நச்சுப் பொருளாக மாறி, இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. இரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறி, பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கிறது. சில மணி நேரத்திலேயே ஈறும் நாக்கும் நீலமாகவோ பழுப்பாகவோ தெரியும். மூச்சு வாங்கும், எச்சில் வடியும், முகமும் பாதங்களும் வீங்கும், சிறுநீர் கறுத்துப் போகும். முக வீக்கத்தைப் பார்த்துப் பூச்சி கடித்திருக்கும் என்று காத்திருந்து பொழுதைப் போக்கிவிடுபவர்கள் உண்டு.

தெரிந்தோ தெரியாமலோ மாத்திரை உள்ளே போய்விட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்பதைக் குறித்துக்கொண்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே தனியாக ஒரு நஞ்சாகிவிடும். பால், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். முறிமருந்து இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். முதலில் கிலோவுக்கு 140 மி.கி., பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 70 மி.கி. என மருத்துவர் செலுத்துவார். மனிதர்களுக்கும் பயன்படுத்தும் மருந்துதான் என்பதால், கால்நடை மருத்துவமனையில் கையிருப்பு இல்லாவிட்டாலும் பெரிய மருந்துக் கடைகளில் தேடிப் பிடிக்கலாம். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று, ‘தொட்டால் சுடுகிறது’ என்பதை மட்டும் வைத்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது. நமக்கு இயல்பான உடல் வெப்பம் 98.6 டிகிரி, நாய்க்கும் பூனைக்கும் 101 முதல் 102.5 வரை. நம் கைக்கு அவை எப்போதும் சுடத்தான் செய்யும். மூக்கு காய்ந்திருப்பதை வைத்தும் காய்ச்சலைச் சொல்ல முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் அளவு செருகிப் பார்ப்பதுதான் சரியான வழி. அதற்கென்று ஒரு தெர்மாமீட்டரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

நாய் பாரசிட்டமாலைப் பூனையைவிடத் தாங்கும் என்றாலும், அதையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. நாய்க்குப் பெரிய ஆபத்து நாம் மூட்டுவலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள். குடலில் புண் வந்து மலம் தார்போல் கறுப்பாகப் போகும், சிறுநீரகமும் பழுதாகும். நம் ஊரில் நாய்க்கு வரும் காய்ச்சலில் உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் இரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும், மூக்கிலிருந்து இரத்தம்கூட வரும். அந்த நிலையில் வலி மாத்திரை கொடுப்பது இரத்தப்போக்கை இன்னும் கூட்டிவிடும். இரத்தப் பரிசோதனை செய்து உண்ணியால் பரவும் எர்லிக்கியா கிருமிதான் என்று உறுதியானால், டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பொதுவாக 28 நாள் கொடுக்க வேண்டும். நாலாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். அதோடு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி உள்ளேயே தங்கி, பிறகு எலும்பு மஜ்ஜை வரைக்கும் பாதிக்கிறது.

உண்ணி மருந்திலும் பூனைக்கு ஒரு கண்ணி இருக்கிறது. நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். மீதி இருக்கிறதே என்று அதைப் பூனைக்கு விட்டால் உடம்பு வெடவெடவென்று நடுங்கி வலிப்பு வரும். உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டுக் கழுவி, துண்டால் நன்றாகத் துவட்டி, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வெந்நீரும் கூடாது, பச்சைத் தண்ணீரும் கூடாது. வலிப்பு ஏற்கெனவே தொடங்கியிருந்தால் கழுவிக்கொண்டிருக்காமல் நேரே தூக்கிக்கொண்டு போங்கள்.

சுருண்டு கிடப்பது ஆண் பூனையாக இருந்தால், அது சிறுநீர் கழிக்கிறதா என்று முதலில் பாருங்கள். மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வராவிட்டால் அது மலச்சிக்கல் அல்ல, சிறுநீர்ப் பாதை அடைப்பு. விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் இறந்துவிடும். விடியட்டும் என்றுகூடத் தள்ளிப்போடக் கூடாத நிலை அது.

மருந்துக் கடை நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘பூனைக்குக் காய்ச்சல், ஏதாவது கொடுங்கள்’ என்று யார் வந்து கேட்டாலும் பாரசிட்டமாலைக் கொடுக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். தங்கள் நாளிதழும் இந்தப் பருவத்தில் காய்ச்சல் குறிப்புகளை வெளியிடும்போது, ‘இந்த மாத்திரை பூனைக்கு நஞ்சு’ என்று ஒரு வரியைக் கூடவே சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
திருச்சி.