கோல் கம்பத்தை விட்டு வெளியே வரும்போது

வேலூர்

அன்புள்ள கண்ணு,

இந்த சீசனோடு கோல்கீப்பராகக் கால்பந்து ஆடுவதை நிறுத்திக்கொண்டு அந்தப் பெண்கள் அணிக்கு மேனேஜராகப் போகட்டுமா என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். தாராளமாகப் போ. ஆனால் கீப்பர்களுக்கு மட்டும் கோச்சாக இருக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. முழு அணியையும் கையில் எடு.

கீப்பராக இருந்து மேனேஜர் ஆனவர்கள் குறைவு. ஆட்டம் தெரியாததால் அல்ல. பயிற்சியில் கீப்பர்கள் எப்போதும் தனியாக ஒரு மூலையில் டைவ் அடித்துக்கொண்டிருப்பார்கள். எதிரணியை எங்கே மடக்குவது, பந்து பறிபோனால் யார் முதலில் ஓடுவது என்று மற்றவர்கள் பழகும் நேரத்தில் கீப்பர் அங்கே இருப்பதில்லை. பத்து வருஷம் அப்படிப் போனால் நடுக்களம் தூரத்திலிருந்து பார்த்த ஊர் மாதிரி ஆகிவிடும். வழி தெரியும், சந்து பொந்து தெரியாது. உன் முதல் வேலை அந்தச் சந்துகளைப் பழகுவதுதான்.

இத்தாலியின் டினோ ஸோஃபைப் பார். 1982-ல் நாற்பது வயதில் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கியவர். யுவென்டஸ் கிளப்பின் மேனேஜராக 1990-ல் ஒரே சீசனில் இத்தாலியக் கோப்பையையும் யூஈஎஃப்ஏ கோப்பையையும் வென்றார். 2000 ஐரோப்பியக் கோப்பை இறுதியில், பிரான்ஸுக்கு எதிராக, அவர் மேனேஜராக இருந்த இத்தாலி கடைசி நிமிடம் வரை 1-0 என்று முன்னால் இருந்தது. தொண்ணூறு நிமிடம் தாண்டி, நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் வில்டோர் சமன் செய்தார், பிறகு கூடுதல் நேரத்தில் ட்ரெஸகே தங்க கோல் அடித்தார், அதாவது அடித்ததும் ஆட்டமே முடிந்துவிடும் கோல். பிரான்ஸின் ஸிடானை ஆள் போட்டுப் பிடிக்கவில்லை என்று இத்தாலிய அரசியல் தலைவர் பெர்லுஸ்கோனி வெளிப்படையாகக் குறை சொல்ல, ஸோஃப் பதவியை விட்டு விலகினார். கீப்பராக ஒரு கோல் விட்டால் அடுத்த பந்தைப் பிடித்துச் சரிசெய்யலாம். மேனேஜருக்கு அடுத்த பந்து ஒரு வாரம் கழித்துத்தான் வரும். அந்த ஒரு வாரத்தைத் தாங்குவதற்கும் பழகிக்கொள்.

நூனோ எஸ்பிரிட்டோ சான்டோவின் பாதை உனக்கு இன்னும் பொருந்தும். போர்ச்சுகலின் போர்ட்டோ அணி 2004-ல் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது அவர் விட்டோர் பாயாவுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்த கீப்பர். ஓய்வுக்குப் பிறகு மேனேஜர் ஹெசுவால்டோ ஃபெரெய்ராவிடம் உதவியாளராக இருந்துவிட்டு, 2012-ல் ரியோ அவே அணியை எடுத்தார். 2018-ல் இங்கிலாந்தின் வுல்வ்ஸ் அணியை பிரீமியர் லீக்குக்கு ஏற்றி, அடுத்த இரண்டு சீசனும் ஏழாவது இடத்தில் முடித்தார். உதவியாளராகக் கழித்த அந்த வருஷங்களைச் சாதாரணமாக நினைக்காதே. முடிந்தால் நீயும் ஒரு சீசன் நல்ல மேனேஜர் ஒருவருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வா.

கீப்பராக இருந்தவர்கள் அதிகம் சறுக்கும் இடம் தடுப்பு வரிசை. முதுகுக்குப் பின்னால் விழும் பந்தை நினைத்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் தன்னை அறியாமலே ஸ்டாப்பர்களைப் பின்னுக்கு இழுப்போம். அவர்கள் பெனால்டி பகுதியில் போய் உட்கார்ந்தால் மிட்ஃபீல்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருபது மீட்டர் வெளி திறக்கும். எதிரணியின் நல்ல காலுக்கு அதுதான் வேண்டும். பந்து எதிரணியிடம் இருக்கும்போது கடைசி ஸ்டாப்பரிலிருந்து முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர் வரை முப்பது, முப்பத்தைந்து மீட்டருக்குள் அணி இருக்க வேண்டும். பந்து வைத்திருப்பவள் முதுகைக் காட்டினாலோ, பின்னால் பாஸ் கொடுத்தாலோ வரிசை உடனே ஐந்து மீட்டர் முன்னேறட்டும். அவள் தலை நிமிர்ந்து, எதிரில் யாரும் இல்லாமல் நின்றால் ஐந்து மீட்டர் இறங்கட்டும். வரிசை ஏறும்போது உன் கீப்பரும் பெனால்டி பகுதியின் 16.5 மீட்டர் கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். கீப்பர் கோல் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் வரிசையை ஏற்றியதில் பலனில்லை, ஒரே நீண்ட பந்தில் கதை முடியும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. பத்துப் பேரை நிற்கவைத்து, பந்தில்லாமல், கையால் காட்டிக் காட்டி வாரத்தில் இரண்டு நாள் பதினைந்து நிமிடம் நடத்து.

மிட்ஃபீல்டைப் பழக நீயே உள்ளே இறங்கு. எட்டுக்கு எட்டு மீட்டர் சதுரத்தில் நாலு பேர் பந்தைச் சுற்ற, இரண்டு பேர் நடுவில் நின்று பறிக்கும் ஆட்டத்தில், தினமும் பத்து நிமிடம் நடுவில் நிற்பவள் நீயாக இரு. பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காதவள் ஏன் பந்தை இழக்கிறாள் என்று உன் காலே சொல்லித்தரும்.

ஃப்ரீ கிக், கார்னர் இரண்டிலும் நீ மற்ற மேனேஜர்களை விட முன்னால் இருக்கிறாய், அதை விட்டுவிடாதே. சுவராக நிற்பவர்கள் பந்திலிருந்து 9.15 மீட்டரில் நிற்க வேண்டும். கோலுக்கு நேரே இருபது மீட்டரில் ஃப்ரீ கிக் என்றால் நாலைந்து பேர், பக்கவாட்டில் என்றால் இரண்டு பேர் போதும். மூன்று பேரோ அதற்கு மேலோ சுவராக நின்றால் எதிரணி ஆட்கள் ஒரு மீட்டர் தள்ளித்தான் நிற்கணும், நடுவர் கவனிக்காவிட்டால் உன் கேப்டன் கேட்கட்டும். கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர் என்று 2025-ல் விதி மாறியது. பழைய பழக்கத்தில் பந்தைக் கட்டிக்கொண்டு படுக்கும் பிள்ளைகளை இப்போதே திருத்து.

இன்னொன்று, மனசில் வை. உன் அணியின் கீப்பரிடம் குறைவாகப் பேசு. அவள் ஒவ்வொரு அடியும் உனக்குத் தப்பாகவே தெரியும், ஏனென்றால் நீ வேறு மாதிரி வைத்திருப்பாய். ஆட்டத்துக்கு நடுவில் அதைக் கத்தினால் அவள் பந்தைப் பார்க்காமல் உன்னைப் பார்ப்பாள். கீப்பர் கோச் ஒருவரை வைத்து அவர் வழியாகச் சொல். நீ கோட்டுக்கு வெளியே நின்று வேறு பத்துப் பேரைப் பார்.

மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் என்றாலும், ஆட்டம் நடக்கும்போது மூன்று தடவைதான் மாற்ற வாய்ப்பு. இடைவேளையில் மாற்றுவது அந்தக் கணக்கில் சேராது. அவசரத்தில் ஒவ்வொருவராக மாற்றி மூன்றையும் எழுபதாவது நிமிடத்துக்குள் தீர்த்துவிட்டால், பிறகு யாராவது கால் பிடித்து விழும்போது பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். இடைவேளையைப் பயன்படுத்து, ஒரு வாய்ப்பைக் கடைசிக்கு வை.

கோச்சிங் லைசென்ஸை டி-யில் தொடங்கி சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். கீப்பர் கோச்சுக்குத் தனி வரிசை உண்டு. அது உனக்கு எளிது, அதனால்தான் எல்லோரும் உன்னை அங்கே தள்ளுவார்கள். முதலில் பொது வரிசையில் சேர். நடுநடுவே உண்மையான அணியை நடத்திய அனுபவத்தையும் கேட்பார்கள், ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்கும் நேரம், நோக்கம், வந்தவர்கள் எண்ணிக்கை, எது சரிப்படவில்லை என்று நோட்டில் எழுதிவை.

அதற்கு முன் மே மாதம் ஊருக்கு வா. நேதாஜி விளையாட்டரங்கிலோ காட்பாடியிலோ இருபது பிள்ளைகளை வைத்து ஒரு மாதம் நடத்திப் பார். அக்னி நட்சத்திரத்தில் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழேகாலுக்குள் முடித்துவிடு, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர். தரை கெட்டி, டைவ் பயிற்சியை அங்கே வேண்டாம், இடுப்பு தோல் உரிந்துவிடும். பாலாற்று மணலுக்கு அழைத்துப் போ, அங்கே கண்ணாடி, முள் பொறுக்கிவிட்டுத் தொடங்கு. பந்துகளில் அதிகாலையிலேயே முழுக்கக் காற்றடித்துவிடாதே, வெயில் ஏற ஏற இறுகிவிடும். கொஞ்சம் தளர்வாக விடு. பந்து பன்னிரண்டு, கூம்பு நாற்பது, இரண்டு நிறத்தில் பிப் (அணி பிரிக்க மேலே போடும் பனியன்) பத்துப் பத்து, விசில் இரண்டு போதும். பழைய கையுறைகளை எறிந்துவிடாமல் கழுவி நிழலில் காயவைத்து எடுத்து வா. இங்கே கையுறை இல்லாமல் கோலில் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டிக்கெட் போட்டதும் சொல், காட்பாடி ஸ்டேஷனுக்கு வருகிறேன். உன் அம்மா முள் கத்திரிக்காய் கொத்சு செய்து வைப்பாள்.

உன்
நைனா