மாலேயில் இருக்கும் தம்பிக்கு

தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் முடிந்தது. உன்னைக் கேட்காதவர் இல்லை. மாலத்தீவில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு வயரிங் செய்கிறான் என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

நீ பணம் அனுப்பாததைப் பற்றி நான் கேட்கவில்லை. அங்கே டாலர் கிடைப்பதில்லை என்று அம்மாவிடம் நானே சொல்லிவைத்திருக்கிறேன். பொய்யில்லை. ஐந்து லட்சம் பேர் வாழும் நாடு. சுற்றுலாவை விட்டால் சூரை மீன், நம் காசிமேட்டில் ஏலம் போகும் அதே சூரை. அரிசி முதல் ஆற்று மணல்வரை கப்பலில்தான் வர வேண்டும். டாலருக்கு 15.42 ருஃபியா என்று அரசு சொல்கிறது. அந்த விலைக்குக் கிடைப்பதுதான் அரிது. ஆனால் சம்பளமே தரவில்லை என்றால் அதற்குப் பெயர் டாலர் தட்டுப்பாடு இல்லை, தம்பி. அதை என்னிடம் சொல்ல வெட்கப்படாதே.

மாலே என்று செய்தி வந்தால் ஒரு வரி விடுவதில்லை. 'இந்தியாவே வெளியேறு' முழக்கத்தோடு நின்ற முகமது முய்சு 2023-இல் அதிபரானபோது அம்மா பயந்துபோனாள். 2024 மே மாதத்துக்குள் அங்கிருந்த நம் ராணுவ வீரர்கள் திரும்பிவிட்டார்கள். அந்தச் சண்டைக்கு நடுவிலும் அரிசி, முட்டை, வெங்காயம் அனுப்ப இந்தியா அனுமதி தந்தது. அக்டோபரில் அவரே தில்லிக்கு வந்து, டாலர் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 40 கோடி டாலருக்கு நாணயப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டார். 2025 ஜூலையில் அவர்களுடைய 60-ஆவது சுதந்திர தினத்துக்கு நம் பிரதமர் போய் 4,850 கோடி ரூபாய் கடனுதவி அறிவித்தார். அவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நீயோ பெற்றவளுக்கு 'நலம்' என்று ஒற்றைச் சொல் அனுப்புகிறாய்.

தலைவர்கள் கைகுலுக்கிவிட்டால் கூலிக்காரன் அறை பெரிதாகிவிடாது. 2022 நவம்பரில் மாலேயில் வண்டிப் பட்டறைக்கு மேல்மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பேர் தீயில் போனார்கள். பெரும்பாலோர் நம்மவர்கள். அந்த மாடிக்கு ஒரே ஜன்னல் என்று படித்தேன். உன் அறைக்கு ஜன்னல் இருக்கிறதா? எத்தனை பேர் படுக்கிறீர்கள்? கேஸ் சிலிண்டரை எங்கே வைக்கிறீர்கள்? வயரைப் பார்த்தாலே சுமை தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவாய். அந்தக் கண்ணால் உன் அறையையும் பார். ஜன்னலைப் பற்றி மறக்காமல் எழுது.

எத்தனை வருடம் உழைத்தாலும் முஸ்லிம் அல்லாதவர் அங்கே குடிமகனாக முடியாது. 2008 அரசியல் சட்டமே அப்படி. அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். சாமி படத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கும்பிடு. ஆனால் அந்த ஊரைக் கட்டுகிறவர்களுக்குப் படுக்க நல்ல இடமும் மாதம் தவறாத சம்பளமும் தர எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அம்மாவின் சங்கிலியைப் பற்றி நீ யோசிக்காதே. வட்டியை நான் கட்டிவிடுகிறேன். அன்று வாசலில் நான் சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, கான்ட்ராக்டரிடமா? சம்பளம் நின்றிருந்தால் மாலேயில் இந்தியத் தூதரகம் இருக்கிறது, நேரே போய் எழுதிக் கொடு. தனியாகப் போகாதே, அறையில் இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு போ. திரும்பி வர வேண்டுமென்றால் சொல். டிக்கெட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா